நாலந்தாவில் இறங்கியவள்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துவிடு. பதினொரு மணி தாண்டிவிட்டது. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். குசினியில் அடுப்புப் பக்கத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். பகலில் எழுத வராதது இப்போதாவது வருகிறதா பார்ப்போம். ஒன்பது வருஷமாக வராதது.

முன்னால் ஒரு கிண்ணத்தில் பாதிக் கேசரி இருக்கிறது. மூடியைத் திறந்தால் ஏலக்காய் வாசம். இன்று போயா, பௌர்ணமி விடுமுறை என்பதால் செய்தேன். ரோட்டு வளைவில் ஒரு ராத்தா இருக்கிறார், நோன்புக் காலத்தில் எங்களுக்குக் கஞ்சி அனுப்புகிற முஸ்லிம் அம்மா. அவருக்குக் கொடுக்க ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். என் மகளுக்கு ஏழு வயது. தான் மட்டும் தனியாகக் கொண்டுபோவேன் என்று நின்றாள். நான் முடியாது என்றேன். "வாசல்ல நின்னு பாத்தா அந்த வீட்டுக் கூரை தெரியுது. விடு அவள," என்றார் என் வீட்டுக்காரர். விட்டேன். கொஞ்ச நேரத்தில் மூடி திறக்காத கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

"நாய் தொரத்திச்சா?"

"இல்ல."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லம்மா. பயமா இருந்திச்சு. பாதியில திரும்பி வந்துட்டேன். இத இப்ப நான் திங்கட்டா?"

அவ்வளவுதான். தலையைக்கூடக் குனியவில்லை. உட்கார்ந்து பாதியைத் தின்றுவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான்தான் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். அவள் சொன்ன அந்த ஒரு வரியை இருபத்துமூன்று வயதில் நான் உன்னிடம் சொல்லியிருந்தால், நீ இன்றைக்கும் இந்த மாத்தளைப் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்திருப்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ எதையும் மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் முதலிலிருந்தே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தைரியம் வராது. ஆசிரியர் கலாசாலை முடித்து ஒரே தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நாம் இரண்டு பேரும் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜூலைக் கலவரத்தில் டவுனில் நம் தமிழ் ஆட்களின் கடைகள் எரிந்தன. நான்கு இரவு ஏலக்காட்டுக்குள் அட்டைக் கடியில் கிடந்தோம். திரும்பி வந்த பிறகு எனக்கு எல்லாமே பயம். பஸ் கொண்டக்டர் சத்தம் போட்டால் பயம், சிங்களத்தில் யாராவது மணி கேட்டால் பயம். உனக்கும்தான் இருந்தது. நீ அதை ஒத்துக்கொண்டாய்.

"இப்படியே போனா நம்ம நிழலப் பாத்தே ஓடுவோம்டி," என்றாய். "மாசம் ஒரு போயா வருது. ஒவ்வொரு போயாவுக்கும் இதுவரைக்கும் செய்யாத ஒண்ணு. சின்னதா இருந்தாலும் சரி. ஆனா கொஞ்சமாச்சும் பயம் இருக்கணும், இல்லாட்டி சேத்துக்க மாட்டேன்."

"தனியாப் போய்ச் செஞ்சா யாரு சாட்சி?"

"சாட்சி என்னத்துக்கு? நீ சொன்னா நான் நம்பப் போறேன்."

முதல் போயாவுக்கு டூரியன் பழம். அந்த நாற்றத்துக்கு நம் ஆட்கள் சந்தையில் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சுளையை விழுங்கினேன். நீ பழத்தையே முடித்துவிட்டு, "நாத்தமெல்லாம் தோலோட போச்சு, உள்ளுக்குள்ள பாலாடைடி," என்றாய். அடுத்தது வஹகோட்டை மாதா கோயில். பூசையில் எல்லாரும் எழுந்தபோது நீ முழங்காலில் நின்றாய், அவர்கள் முழங்காலில் நின்றபோது நீ எழுந்தாய். பக்கத்தில் இருந்த அம்மா உன் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பிறகு தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மகனுடைய சைக்கிள். சேலையைச் செருகிக்கொண்டு ஏறிய நான், தேயிலை மலையில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தேன். மேலே நின்ற பெண்கள், "டீச்சரம்மா கானுக்குள்ள கொழுந்து எடுக்குறாங்க!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வருஷத்தில் நாம் சிரித்ததெல்லாம் அந்த நாட்களில்தான்.

அந்தச் சமயத்தில் உங்கள் வீட்டில் இந்தியப் பாஸ்போர்ட் பெட்டிக்குள் கிடந்தது. உன் அப்பா தினமும் இந்தியாவுக்கே போய்விடுகிற பேச்சை எடுப்பார். "நான் பொறந்தது இங்க, படிப்பிக்கிறதும் இங்க. போறதா இருந்தா என்னைய விட்டுட்டுப் போங்க," என்று நீதான் மறித்துக்கொண்டு நின்றாய்.

தைப் பொங்கல் கழிந்து வந்த போயாவுக்கு எனக்கு ஒன்று வைத்தாய். தனியாக பஸ் ஏறி, கடைசி ஸ்டொப் வரைக்கும் போய், அங்கே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரவேண்டும். எந்த ஊர் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் நின்ற வண்டியின் போர்டைக் காட்டினாய், தூரத்துச் சிங்கள ஊர் ஒன்று. வில்கமுவ.

ஏறினேன். சீட்டும் எடுத்தேன். பக்கத்தில் வெற்றிலை போட்ட ஒரு சிங்கள ஆச்சி, தன் பையைக் காலடியில் நகர்த்தி எனக்கு இடம் விட்டார். நல்ல மனுசி. நாலந்தாவை நெருங்கும்போது, "துவே, கொஹெத யன்னே?" என்று கேட்டார். எங்கே போறே மகளே என்று, அவ்வளவுதான். எனக்குச் சிங்களம் தெரியாதா? ஒரு வார்த்தைதானே, வில்கமுவ. அது வாயில் வரவில்லை. பஸ் நின்றதும் இறங்கிவிட்டேன்.

நாலந்தாவில், பழைய கற்கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மரத்தடியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். சீக்கிரம் வந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று உட்கார்ந்திருந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது ஏழரை. வில்கமுவவிலிருந்து மூன்று மணி நேரம் என்று கணக்குப் போட்டு, "அங்கயிருந்து கடைசி பஸ் நாலரைக்கு. அது வரைக்கும் வயலப் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றேன். பச்சை வயல், டிராக்டர், கருப்பட்டியோடு தேத்தண்ணி. எல்லாம் என் வாயிலிருந்து வந்தது. நீ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய். "நீயாடி? நீயா போயிட்டு வந்த?" உன் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

இரண்டு மாதம் போனது. நீயும் போகப்போவதாகச் சொன்னாய். நான் போன ஊருக்கே எதற்கு, வேறு ஊர் பார் என்றேன். "நீ குடிச்ச தேத்தண்ணிய நான் குடிக்க வேணாமா?" என்று சிரித்தாய். அப்போதும் வாய் திறக்கவில்லை. கவனமாகப் போய்விட்டு வா என்று மட்டும் சொன்னேன்.

அங்கே நடந்ததை நீயே பிறகு என்னிடம் சொன்னாய். இரண்டரை மணி பஸ் புறப்படும்போது கொண்டக்டர் இரண்டு தரம் உன்னைக் கூப்பிட்டிருக்கிறான். இதுதான் கடைசி என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நீ சிங்களத்தில், இல்லை, நாலரைக்கு ஒன்று இருக்கிறது, என் கூட்டாளி அதில்தான் வந்தாள் என்று சொல்லி, பஸ்ஸை விட்டுவிட்டாய். நேரில் நின்று சொன்ன இரண்டு பேரை விட்டு என்னை நம்பினாய்.

இருட்டத் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். எந்த மாதிரிக் காலம் அது. தெரியாத ஒரு தமிழ்ப் பெண் தனியாக நிற்கிறாள். எதற்கு வந்தாய் என்று கேட்டார்கள். தேத்தண்ணி குடிக்க வந்தேன் என்று உண்மையைச் சொன்னாய். மாத்தளையிலிருந்து தேத்தண்ணி குடிக்க வந்தாளாம். யார் நம்புவார்கள்? நெல் மூட்டை அடுக்கிய ஓர் அறையில் உன்னை விட்டுப் பூட்டினார்கள். வெளியே பேசியதெல்லாம் உனக்குக் கேட்டது, அதுதான் உனக்கிருந்த கஷ்டம், உனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். ஒரு விவசாயியின் மனைவி மட்டும் விடியும்வரை கதவுக்கு வெளியே உட்கார்ந்து, பயப்படாதே என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இங்கே நீ எங்கே போனாய் என்று உன் அப்பாவிடம் சொன்னவள் நான். ஊரைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. விடிந்ததும் கிளாக்கரோடு தோட்டத்து லொறியில் போய் உன்னைக் கூட்டிவந்தார். உன் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. உன் அப்பா பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டுகளை வெளியில் எடுத்து வைத்தார். "எம் மகள உசுரோட கொண்டாந்துட்டேன். இனி இங்க ஒரு நாளும் வேணாம்." நீ மறித்துப் பேசவில்லை. அதுவரைக்கும் நீ பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மாத்தளை ஸ்டேசனில் நான் அழுதபோது நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய். "பஸ் நேரத்த மாத்திட்டாங்க, அவ்வளவுதான். நீ என்னடி செய்வ?" இந்தியக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகிற சனம் பெட்டி படுக்கையோடு ரயிலை நிறைத்திருந்தது. அதன் பிறகு கொஞ்ச நாளில் கப்பலும் நின்றுபோனது.

நீ மூன்று கடிதம் போட்டாய். நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. மறந்து அல்ல. சும்மா நலம் விசாரித்து எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும் என்று பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். முதல் கடிதத்தில் கோத்தகிரிக் குளிரைப் பற்றி எழுதியிருந்தாய்: "இங்க எல்லாமே புதுசு, பயமும் வேண்டிய அளவு இருக்கு. ஒரு போயாவுக்கும் காத்திருக்கத் தேவையில்ல." இரண்டாவதில், உன் சான்றிதழை அங்கே ஏற்கவில்லை, சிலோன்காரி என்று கூப்பிடுகிறார்கள், அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போகிறேன் என்று. கொழுந்துக் கூடையை விட்டு வெளியே வருவதற்காகப் படித்தவள் நீ. மூன்றாவது கடிதம் உன் அப்பா காலமானது பற்றி. "பஸ் நேரம்கூடக் கேக்கத் தெரியாத கழுதன்னு கடைசி வரைக்கும் என்னையத் திட்டிக்கிட்டே இருந்தாரு. அம்மாவும் அப்படித்தான் நெனைக்கிறா. சரி, என் கவனக்குறைவுதானே," என்று எழுதியிருந்தாய்.

அந்த வரியை நான் எத்தனை தரம் படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீ நேரம் கேட்காதவள் இல்லை. கேட்டாய். கேட்ட இடம்தான் பிழை.

நான் இப்போது எப்படிப்பட்டவள் தெரியுமா? மகளைக் கிணற்றடிக்கு விடமாட்டேன், பள்ளிச் சுற்றுலாவுக்கு விடமாட்டேன். ஊர் நிலைமை அப்படி என்று எல்லாருக்கும் சொல்கிறேன். நிலைமையும் அப்படித்தான். ஆனால் எனக்கு உள்ளே இருப்பது வேறு. ஒரு பிள்ளை நெல் மூட்டைகளுக்கு நடுவில் விடியும்வரை உட்கார்ந்திருப்பது எனக்குத் தினமும் தெரிகிறது. அந்த முகம் சில நாள் உன்னுடையது, சில நாள் என் மகளுடையது.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டு. பஸ் நேரத்தைப் பொய்யாகச் சொன்னவள் நான் என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும். உன் தம்பிமாருக்கும் தெரியட்டும். அவர்கள் என்னைப் பேசுவதைப் பேசட்டும்.

நீ கடைசியாகத் தந்த விலாசத்துக்கே அனுப்புகிறேன். கிடைத்ததா என்றாவது எனக்குத் தெரியவேண்டும். திட்டி எழுதினாலும் சரி, இரண்டு வரி எழுதினாலும் சரி. சீக்கிரம் பதில் போடு.