பசுக்களைத் திரும்ப ஓட்டிப் போனார்கள்

பில்தோங், மே 3, செவ்வாய்

அன்புள்ள கட்வெச் அண்ணனுக்கு,

நியாருவாச் எழுதுகிறேன். அமைதிப்படை முகாமில் மொழிபெயர்க்கிறவருக்கு வீட்டுக்கு ஒரு வரி எழுத நேரமில்லையா? அம்மா என்னைத்தான் திட்டுகிறாள்.

நேற்று அக்கரைக்காரர்கள் வந்தார்கள். நம் தொழுவத்தில் வளர்க்க விட்டிருந்த அவர்களுடைய ஏழு பசுக்களையும் ஓட்டிப் போனார்கள். சண்டை இல்லை. அம்மா கொடுத்த பாலைக்கூடக் குடித்தார்கள், நிமிர்ந்துதான் பார்க்கவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

"கொளுத்தப்போற தொழுவத்துல சொந்த மாட்டை எவன் விட்டுவைப்பான்?" என்கிறாள் அம்மா.

சந்தையில் உங்கள் அதிகாரியின் வண்டி நின்றது. சொல்லத்தான் போனேன். வாய் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். படை வருமா? வராதென்றால் சதுப்பு நாணலுக்குள் போய்விடுகிறோம்.

தங்கை
நியாருவாச்


முகாம், மே 4

அன்புத் தங்கைக்கு,

அதிகாரியிடம் சொன்னேன். "அவங்கவங்க மாட்டை அவங்கவங்க வாங்கிக்கிட்டாங்க. நல்ல சேதிதானே?" என்றார். 'நிலைமை சீராகிறது' என்று அறிக்கையும் அனுப்பிவிட்டார். அர்த்தத்தை விளக்கியதும் தலையில் கை வைத்தார். நல்ல மனுஷர். ஆனால் ஒரு குண்டாவது வெடித்தால்தான் அவராகக் கிளம்ப முடியும். இல்லையென்றால் தலைநகரத்தில் இருக்கும் படைத் தலைமையகம் அனுமதிக்க வேண்டும், நம் அரசாங்கமும் சரி என்று சொல்ல வேண்டும். கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்துவிடுவோம்.

இந்த மழையில் அம்மாவைச் சதுப்புக்கு இழுத்துப் போகாதே.

அண்ணன்
கட்வெச்


பில்தோங், மே 10

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வியாழனன்று வந்தது. நாலாவதோடு நின்றவள் என்றாலும் இங்கே வாசிக்கத் தெரிந்தவள் நான்தான். எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தார்கள். "சத்தமாப் படிடி, கொசு மாதிரி முனகாதே" என்று சிரித்தார்கள். படித்தேன். கட்டிய மூட்டைகளை அவிழ்த்தார்கள். "என் மகன் எழுதிட்டான்ல, அப்புறமென்ன?" என்றாள் அம்மா.

வெள்ளி யாரும் வரவில்லை. சனி விடியலில் அக்கரைக்காரர்கள் வந்தார்கள். ஞாயிறன்று அம்மாவைப் புதைத்தோம்.

உங்கள் அதிகாரி நேற்று வந்தார். அனுமதி கிடைத்துவிட்டதாம். நீங்கள் இந்த ஊர்க்காரர், நடுநிலை கெடும் என்று உங்களை முகாமிலேயே நிறுத்திவிட்டதாக, கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னார். எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டார். பதினொன்று என்றேன். ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். வாய் வந்தது.

முகாமுக்கு ஏற்றிப் போகிறோம் என்றார்கள். பலர் ஏறினார்கள். நான் அத்தையோடு கிழக்கு எல்லைக்கு நடக்கிறேன்.

எங்கே இருக்கிறேன் என்று விசாரித்து எழுத வேண்டாம். உங்கள்மேல் கோபமில்லை, அண்ணா. நீங்கள் எழுதினால் நான் மறுபடியும் நம்பிவிடுவேன்.

நியாருவாச்