செவ்வாய்க்கிழமை விருந்தாளி

மார்ச் 4, செவ்வாய்

விமலன் வந்தான். பிரிஞ்சாங் டவுனில் பூக்கடை வைத்திருப்பவன். மறதி நோய்க்காரர்களுக்கு உதவும் தொண்டர் குழுவிலிருந்து வாரம் ஒருமுறை தெரசாவைப் பார்க்க வருகிறான்.

"அங்கிள், நான் ஆண்ட்டிய பாத்துக்கிறேன். நீங்க டவுனுக்குப் போய்ட்டு வாங்கலா" என்றான். நான் போகவில்லை. அடுப்படியில் நின்று ஒட்டுக்கேட்டேன். தெரசா சிரிக்கிறாள்! கட்டிய புருஷன் என்னைப் பார்த்து அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று?

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, இந்தப் பொறாமையை எடுத்துவிடும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் தெரசா கேட்டாள்: "அந்தத் தம்பி இன்னைக்கு வரலியா?"

ஜெபம் அதோடு போயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

நான் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்பவள், விமலன் நீட்டிய ரொட்டியைச் சமர்த்தாகத் தின்றாள். கீரைப் பாத்தியிலிருந்து பூட்ஸோடு பின்கதவு வழியாக உள்ளே வந்தேன். அவன் காதில் சொல்கிறாள்: "யாரு இந்த ஆளு? சொல்லாம கொள்ளாம உள்ள வர்றான்."

என் வீட்டில், என்னைப் பற்றி, அவனிடம் புகார்.

மார்ச் 12, புதன்

விமலனுக்கு போன் போட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"நான் ஏதும் தப்பு செஞ்சிட்டேனா அங்கிள்?"

செய்யவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

மார்ச் 18, செவ்வாய்

காலையிலிருந்து தெரசா சன்னலை விட்டு நகரவில்லை. சாப்பாடு கிடையாது. முகத்தையாவது கழுவிவிடலாம் என்று கையைப் பிடித்தேன் — "யாராச்சும் வாங்க!" என்று அலறினாள். பக்கத்து வீட்டு தனுஜா ஓடி வந்துவிட்டாள். "நான் உன் புருஷன்டி!" என்று கத்தினேன். தெரசா நடுங்கிவிட்டாள்.

கத்தியிருக்கக் கூடாது.

மார்ச் 19, புதன்

இன்றும் சாப்பிடவில்லை. இப்படியே போனால் என்ன ஆவாள்?

மார்ச் 20, வியாழன்

விமலன் அப்படி என்னதான் செய்தான் என்று யோசித்துப் பார்த்தேன். முன்வாசலில் நின்று கதவைத் தட்டுவான். "வரலாமா ஆண்ட்டி?" என்பான். அவ்வளவுதான். தன் வீட்டுக் கதவை எந்த ஆம்பிளை தட்டுவான்?

தட்டினேன். சவரம் செய்து, பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, முன்பக்கமாகச் சுற்றிப் போய்த் தட்டினேன். "உள்ள வரலாமாம்மா?"

"வாங்க, வாங்க. உக்காருங்க." சேலையைச் சரிசெய்துகொண்டாள். என் கையிலிருந்து ரொட்டியை வாங்கித் தின்றாள். முழுசாக!

பிறகு சன்னலைப் பார்த்துவிட்டுப் பரபரத்தாள். "நீங்க கெளம்புங்க. எங்க வீட்டுக்காரரு தேயிலக் கொழுந்து லோரிய விட்டுட்டு வர்ற நேரம். வேத்து ஆம்பள உக்காந்திருந்தா அவருக்கு ஆகாது."

"கோவக்காரரோ?"

"பொறாம புடிச்ச மனுசன்." சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான். "ஆனா அவரு மொகத்த பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

லோரி ஓட்டிய காலத்து அந்த வீட்டுக்காரன் மேல் எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே! விமலன் மேல் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 21, வெள்ளி

விமலனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை வருகிறான்.

"அப்ப நீங்க டவுனுக்குப் போறீங்களா அங்கிள்?"

"இல்லப்பா. நானும் ஒங்கூட கதவத் தட்டுறேன். ரெண்டு பேரும் விருந்தாளியா உக்காருவோம்லா."