இரண்டு பேர் பிடிக்கும் ரம்பம்

1957 ஆகஸ்டு 11

காலையிலிருந்து தூறல். பண்ணை வாசல் காவல் இன்று எனக்கில்லை. பெரைரா ஒட்டக் கொடுத்த கிதாரை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரைரா எங்கள் மாட்டுப் பண்ணையில் பாலில் கிரீம் பிரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவர், மத்திகிரிச் சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். உடைந்த கழுத்தைப் போன வாரமே ஒட்டிவிட்டேன். ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்ததுதான் வினை. என்ன மெல்லிசுப் பலகை! மரமில்லில் பதினாறு வருஷம் அறுத்தவன் நான். இப்படி ஒன்றை அறுத்ததேயில்லை. நானே ஒன்று செய்தால் என்ன? இடது கையில் இன்னும் மூன்று விரல் இருக்கிறதே.

ஆகஸ்டு 14

மங்கம்மாவிடம் சொன்னேன். களி கிண்டிக்கொண்டே கேட்டாள். "என்னமோ செய்யுங்க. ஆனா இந்த வூட்டுக்குள்ள ரம்பம் வரக்கூடாது."

மில்லை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அவள் போட்ட ஒரே சட்டம் இது. சரி என்றேன். பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன் கெட்டதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்டு 18

ஓசூர்ச் சந்தைப் பக்கம் நசருல்லா பாயின் பழைய சாமான் கடையில் அரை நாள் போயிற்று. சந்தோஷமான அரை நாள். ஏழெட்டு இழைப்புளியைப் பிடித்துப் பார்த்தேன். பெரியது என் இடது கையில் நழுவுகிறது. சிறியதாக, அடி தேயாமல் ஒன்று கிடைத்தது. மூன்று உளி, ஓர் அரை வட்ட அரம், மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசை காய்ச்ச ஒரு பித்தளைக் கிண்ணம்.

மூலையில் பெங்களூரிலிருந்து வந்த வட்ட ரம்பம், மோட்டாரோடு நின்றது. ஓடவில்லை. இருந்தும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றி வந்தேன்.

ரம்பமே வேண்டாம் என்றதும் பாய் சிரித்தார். "ரம்பம் இல்லாம மர வேலையா வெங்கடப்பா? பொண்ணு இல்லாம மேளம் கொட்டற மாதிரி இருக்குது."

ஆகஸ்டு 25

பலகைக்கு அலையவே வேண்டியதில்லை. சீமையிலிருந்து பண்ணைக்கு வந்த மெஷின் பெட்டியின் பலகையில் மூன்றைப் பெரைரா எடுத்துக் கொடுத்தார். வெள்ளை மரம், தட்டினால் கணீரென்கிறது. பின்பக்கத்துக்கும் வளைவுக்கும் தளி பக்கத்து ஈட்டி மரத் தகடு பாயிடம் ஏற்கெனவே இருந்தது.

செப்டம்பர் 8

ரம்பம்தான் இல்லையே. ஓர் அங்குலப் பலகையை இழைத்து இழைத்தே எட்டில் ஒரு பங்காக்கினேன். அப்படி இரண்டு. முக்கால்வாசி மரம் சுருளாகப் போய்விட்டது. மங்கம்மாவுக்குப் பரம திருப்தி. "அடுப்பு நல்லா புடிக்குது, இன்னுங் கொஞ்சம் எழைங்க."

செப்டம்பர் 22

இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒட்டியிருந்தேன். நான்கு நாள் மழை. ஒன்று ஊதியது, மற்றது ஊதவில்லை. இன்று ஒட்டு வாய் பிளந்து கிடக்கிறது.

பெரைரா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டும் ஒரே பலகைலேந்து வரணும் மேன். புக்கு மாதிரி நடுவுல பொளந்து விரிக்கணும்."

பதினாறு வருஷம் மரத்தோடு கிடந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ரம்பத்துக்குப் பயந்த புத்தி மறைத்துவிட்டது. பயம் அவளுக்கு மட்டும்தான் என்று நான் இத்தனை நாள் நினைத்தது பொய். ஒரே ஒரு பலகை மிச்சம். இதுவும் போனால் கிதார் கிடையாது.

செப்டம்பர் 24

வாங்கிவிட்டேன். மோட்டார் இல்லை. சட்டத்தில் மாட்டிய நீள ரம்பம், எதிரெதிரே இரண்டு பேர் நின்று இழுப்பது. வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் திருட்டுத்தனம்!

அக்டோபர் 4

முந்தாநாள் ஆயுத பூசை. வீட்டில் இருக்கும் கருவியைப் பூசைக்கு வைக்காமல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ரம்பத்தைக் கொண்டுவந்து மற்றவற்றோடு வைத்தேன். மங்கம்மா இழைப்புளிக்கு, உளிக்கு, அரிவாள்மணைக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்தாள். ரம்பத்தைத் தாண்டிப் போனாள்.

இன்று காலை பாத்திரம் விளக்கும்போது அவளாகவே சொன்னாள்.

"உங்களப் பெங்களூரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிட்டாங்க. மில்லு மேஸ்திரி துணில சுத்தி எங்கையில குடுத்தான். சூடு ஆறல. உங்களுக்கு ரெண்டு வெரலு போச்சு. எனக்கு அத எங்க வெக்கறதுன்னே தெரியல."

"எங்க வெச்ச?" என்று கேட்டேன். கேட்கவே ஆறு வருஷம் ஆகியிருக்கிறது எனக்கு.

"ஏரிக்கரைல பொதச்சேன். அந்தப் பக்கம் தண்ணிக்கே போறதில்ல."

தினமும் அவ்வளவு தூரம் சுற்றிக் கிணற்றுக்குப் போகிறாளே, பிடிவாதக்காரி என்று கேலி செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ச்சே, என்ன மனுஷன் நான்.

அக்டோபர் 6

ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்கச் சைக்கிளில் கட்டினேன். கிதார் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும்? மங்கம்மா குடத்தோடு வந்து நின்றாள்.

"இது எப்பிடி ஓடும்?"

"இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்."

"அந்தப் பக்கம் யாரு?"

"பக்கத்து வூட்டு முனிவேலக் கூப்புடலாம்னு இருந்தேன்."

"எல்ல தாண்டி அத்திப்பள்ளி போயி சாராயம் ஊத்திக்கினு வர்றவன். அவங்கிட்ட உங்க கையக் குடுப்பேனா?"

குடத்தை இறக்கி வைத்தாள். ரம்பத்தின் பல்லைத் தூரத்திலிருந்தே பார்த்தாள்.

"நடுவுல ஒருத்தர் விட்டுட்டா?"

"நின்னுடும்."

"மில்லுல நிக்கலியே."

"அது மோட்டாரு."

சைக்கிள் பக்கம் ஓரடி வந்தாள். பிறகு, "கயித்த அவுருங்க" என்றாள்.

அக்டோபர் 13

பலகையைக் கொட்டகைத் தூணோடு நிமிர்த்திக் கட்டினேன். அந்தப் பக்கம் மங்கம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. இழுத்தோம். நாலு இழுப்பில் சட்டென்று கையை எடுத்தாள். ரம்பம் நின்றது. "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, இழுங்க." மறுபடி எடுத்தாள். நின்றது. மூன்றாவது முறையும் நின்ற பிறகுதான் அவள் மூச்சு சீராயிற்று. அந்த மூன்று நிறுத்தமும் எனக்கும் வேண்டியிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் பலகை இரண்டாக விரிந்தது. இந்தப் பக்கத்து ரேகை அப்படியே அந்தப் பக்கத்திலும். மங்கம்மா விரலால் தடவிப் பார்த்தாள்.

அக்டோபர் 14

இரண்டு பேருக்கும் தோள் வலி. வெந்நீர் போட்டு ஊற்றிக்கொண்டோம்.

நவம்பர் 17

சூடேற்றிய இரும்புக் குழாயில் வைத்து ஈட்டியை வளைத்தேன். ஒன்று முறிந்தது. மற்ற இரண்டும் சொன்னபடி கேட்டன.

டிசம்பர் 26

நேற்று மத்திகிரியில் பெரைரா வீட்டில் பண்டிகை. புதுக் கிதாரை வாசித்தார். கொஞ்சம் அடிக் குரல் போதாது என்று எனக்குப் பட்டது. மங்கம்மாவுக்கு அப்படி எதுவும் படவில்லை. கேக்கைக் கையில் வைத்தபடி பக்கத்து அம்மாளிடம், "பலக நாங்க அறுத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

1958 ஜனவரி 12

பெரைராவின் மைத்துனர் பெங்களூரிலிருந்து எழுதியிருக்கிறார், அவருக்கும் ஒன்று வேண்டுமாம். பலகை வந்துவிட்டது. அறுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருந்தது. ரம்பத்தின் அந்தப் பக்கக் கைப்பிடி மங்கம்மாவின் கைக்குப் பருமன். அதைச் சீவி மெல்லிசாக்கினேன்.