அம்மாவுக்கும் சேர்த்து வந்த விசா

அன்புள்ள அப்பாவுக்கு,

சர்க்கரை எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டு வருடமாக இழுத்தடித்த பெற்றோர் விசா ஒருவழியாக நேற்றுக் கிடைத்துவிட்டது. உங்களுக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே வந்திருக்கிறது. அம்மா போய் நாற்பது நாளானது குடியேற்ற அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? நானும் எழுதிப் போடவில்லை. விசா போட்டோவில் அம்மா உம்மென்று இருக்கிறாள். சிரித்தால் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அன்றைக்குப் போனில் கத்தியது நான்தான்.

விசாவை வாங்கும்போது அம்மா போன விஷயத்தைச் சொன்னதும் அந்த அலுவலகக் கவுன்டரில் இருந்த நம் ஊர்ப்பக்கத்துப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இறப்புச் சான்றிதழ் குடுத்தீங்கன்னா அம்மா விசாவ இப்பவே ரத்து பண்ணிடலாம் சார்."

"எடுத்துட்டு வரலயே" என்றேன். நீங்கள் அனுப்பிய நகல் என் பையில்தான் இருந்தது.

"பரவால்ல, தொண்ணூறு நாளைக்குள்ள அவங்க வரலன்னா தானாவே காலாவதி ஆயிடும்" என்றாள்.

வரும்போது கம்பளிச் சட்டை எடுத்துவாருங்கள். அம்மாவின் மூக்குக்கண்ணாடியையும் பெட்டியில் வையுங்கள், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இந்தத் தொண்ணூறு நாளும் அம்மா வரலாம் என்றே இருக்கட்டும், அப்பா.

உங்கள் மகன்