பன்னிரண்டு பச்சை

வியாழன், இரவு.

எதிர்வீட்டு வங்காளப் பெண் மிட்டுவை நான் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன். அவள் மகள் கல்யாணத்துக்காகப் படுக்கை விரிப்பில் வாழையிலை எம்ப்ராய்டரி போடுகிறாள். எல்லாம் பச்சை நூல்தான். அவள் டீ போடப் போன நேரத்தில், உதவி செய்வதாக நினைத்துப் பன்னிரண்டு நூல்களையும் ஒரே உருண்டையாகச் சுற்றிவிட்டேன்.

பார்த்ததும் அவள் முகம் மாறியது. "எல்லாம் பச்சைதானே, பௌதி?" என்று இழுத்தேன்.

திட்டவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாகப் பிரித்தாள். "இது டியா, திதி," என்றாள்; அக்கா என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். "இது கலாபாத்தா." கிளிப்பச்சையும் வாழையிலைப் பச்சையும் எனக்கும் புரிந்தன. அதற்கு மேல் கண் எட்டவில்லை. அவள் பன்னிரண்டையும் பிரித்து வைத்துவிட்டாள். என்ன கண் அது!

சாயங்காலம் ரசத்துக்குக் கறிவேப்பிலை உருவும்போது கை நின்றுவிட்டது. நுனி இலை ஒரு பச்சை, அடி இலை வேறு பச்சை. இத்தனை வருஷமாகப் பார்க்காமலே உருவிப் போட்டிருக்கிறேன்.