உன் ஏ போட்டியும் மூன்று கறுப்புப் பெட்டிகளும்

மச்சான்,

உன் பிஸ்கட் தகரத்தைத் திறந்ததும் கருகிய பேக்கலைட் பிளாஸ்டிக்கின் மணம் மண்டைக்குள் ஏறியது. ஒரு மாளிகை எரிந்தாலும் இப்படி மணக்காது. நோர்வேயின் குரோருட்டில், நிலக்கீழ் கராஜில், உன் பழைய ஒஸ்டின் ஏ போட்டி (A40) காரின் முன்னால் முழங்காலைக் குத்தி உட்கார்ந்திருந்தேன். எழும்ப இன்னொரு பிறவி வேண்டும் போலிருந்தது.

கராஜைத் திருத்தப் போகிறார்களாம். இந்தக் கிழமைக்குள் கார்கள் வெளியேற வேண்டும். பக்கத்தில் நின்ற உன் மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "பியோர்ண்டாலில இருக்கிற என்ர வீடு வரைக்கும் கார் தானா ஓடி வந்தா வைச்சிருப்பன், மாமா. இல்லாட்டி ஆருக்கும் குடுத்திடுவன். என்னால ஏலாது."

அவளில் பிழையில்லை. நீ போய்ச் சேர்ந்த பிறகு அவளும் களைத்துவிட்டாள். நான் எப்போதோ களைத்துவிட்டேன். நீ சேர்த்த வயர்கள்தான் களைக்கவில்லை. அவற்றை நீட்டினால் பருத்தித்துறைக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, திரும்பி வந்து சேரும்.

எஞ்சின் ஓடியது, பற்றறிதான் ஏறவில்லை. இந்த நாட்டில் பட்டப்பகலிலும் லைட் போட்டுத்தான் ஓட வேண்டும். பாதி வழியில் பற்றறி படுத்துவிடும். டைனமோவின் மின்சாரத்தை அடக்கிப் பற்றறிக்கு அனுப்பும் ரெகுலேட்டர் செத்திருந்தது. தகரத்துக்குள் மாற்றாக மூன்று கறுப்புப் பெட்டிகள், ஒரே பிரசவத்தில் பிறந்தவை போல. தவறானதைப் பூட்டினால் டைனமோவும் கைலாயம் போய்விடும். அடித்தட்டில் எண் பொறித்திருக்கிறது, ஆனால் கறுப்பின் மேல் கறுப்பு. என் கண்ணுக்கு அது அமாவாசை.

அப்போதுதான் உன் திருகுதாளம் நினைவுக்கு வந்தது. ஒருமுறை பழைய கார்ச் சங்கத்து வெள்ளைக்காரர்கள் ஒரு இரும்புத் துண்டின் எண்ணை வாசிக்கப் பூதக்கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நீ பர்சிலிருந்து கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அந்த இரும்பில் பூசினாய்.

"டேய், சாமிக் குற்றமடா!" என்று பதறினேன்.

"நெத்தியில பூசி இவ்வளவு காலமும் என்னத்தைக் கண்டனி? இதில நம்பராவது தெரியும்."

எண் பளிச்சென்று தெரிந்தது. அது எந்தக் கம்பனிப் பவுடர் என்று ஒருவர் பவ்வியமாகக் கேட்டார். "ஊரில இருந்து விசேஷமா வாறது" என்று நீ முகம் மாறாமல் சொன்னாய்.

இன்று நானும் பூசினேன். சாம்பலைத் துடைத்ததும் நடுப்பெட்டியில் உன் காருக்குரிய எண் வெள்ளையாக எழும்பியது. அது எனக்கு மறக்குமா? பெற்ற மகளின் நட்சத்திரத்தை மறந்த நீ, அந்த எண்ணை மட்டும் நோர்வே முழுக்கச் சொல்லித் திரிந்தவன். பூட்டி எஞ்சினை உறுமவிட்டோம். டாஷ்போர்ட்டின் சிவப்பு லைட் நூர்ந்து அணைந்தது. பற்றறி ஏறுகிறது.

"ஏறுங்கோ மாமா" என்றாள் மகள்.

உன் காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். இந்த ஊரில் ஓட்டமும் வலப்பக்கம். முந்தும்போது எதிரே வருவது ஓட்டுபவருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவன்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். உன்னிடம் ஆயுள் முழுவதும் நான் வகித்த மாபெரும் பதவி அது. சம்பளம், ஆறிப்போன வடை.

வழியில் ஒரு லொறி முன்னால் ஊர்ந்தது.

"மாமா, முந்தி எடுக்கலாமோ?" உன்னுடைய அதே அவசரம்.

களைப்பாகத்தான் இருந்தது, மச்சான். கழுத்தை நீட்டி எதிரே பார்த்தேன்.

"பொறு பிள்ளை, ஒண்டு வருது."

அது கடந்து போனது. பாதை நெடுக வெறுமை.

"இப்ப எடு."