வீட்டுக்கு வீடு தேத்தண்ணீர் குடித்த சார்

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கிஷாந்துக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கச்சி திலக்ஷி மூன்று பேரும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம், அந்த வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் உன் அப்பா பக்கத்தில் நின்று அது அப்படி இல்லை, இது இப்படி இல்லை என்று திருத்திக்கொண்டே இருப்பார், ஒரு கதையை முழுசாகச் சொல்ல முடிகிறதா. கடை பாவா நானாவின் மகன் றம்ஸான் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் தேயிலைத் தூளும் கருவாட்டுச் சம்பலும் இந்தக் கடிதமும் வரும். சம்பலில் அவனுக்கும் கொஞ்சம் கொடு, வழியிலேயே தின்றிருந்தான் என்றால் கொடுக்காதே.

தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம், நீ பயப்படுவாய் என்று மீதியை அப்பா சொல்லவிடவில்லை. இப்போது எழும்பி நடமாடுகிறாள், அதனால் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சிவரூபன் என்று ஒரு பிரதி அதிபர் மாறி வந்திருக்கிறார். யாரோ பையன்கள் கக்கூஸ் குழாயை உடைத்து விட்டார்களாம், அதற்காக இவர் எல்லாக் கக்கூசுக்கும் பூட்டுப் போட்டுவிட்டார். இடைவேளைக்கு மட்டும்தான் திறப்பார்கள், அந்த நேரத்தில் வரிசை மைதானம் வரைக்கும் நிற்குமாம். மற்ற நேரம் அவசரம் என்றால் சாவி அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், போய்க் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொம்பளைப் பிள்ளை ஒரு ஆம்பளை வாத்தியாரிடம் போய் என்ன காரணத்தைச் சொல்லும்? இவள் ஒரு வழி கண்டுபிடித்தாள், தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டாள். நான் நிரப்பிக் கொடுத்த போத்தல் அப்படியே நிரம்பித் திரும்பி வரும், நானும் மலைக் குளிருக்குத் தாகம் எடுக்கவில்லையாக்கும் என்று இருந்தேன். கடைசியில் இடுப்பு வலி, நடுக்கம், காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். சிங்கள டொக்டர் அம்மா தன் தமிழில், தண்ணி குடிக்கல்ல, ஒண்ணுக்கு போகல்ல, இன்னும் கொஞ்சம் லேட்டானா கிட்னி போகும் என்று என்னைத்தான் ஏசினார். வீட்டுக்கு வந்த பிறகு இவள், நான் இனிமே பள்ளிக்கூடம் போகல்ல, கொழும்புல கடை வேலைக்குப் போறேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அடுத்த வருடம் ஓஎல் பரீட்சை எடுக்க வேண்டிய பிள்ளை.

அந்த நேரத்தில்தான், பிள்ளைகளுக்கு வரும் நோய்க்குப் பாடசாலை பொறுப்பில்லை என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு கடதாசி அடித்தார்கள். யாருமே போடவில்லை என்று போன சனிக்கிழமை சிவரூபன் சாரே நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வந்துவிட்டார். அங்கேதான் மனுசன் மாட்டினார். நம் லயத்து வழக்கம் உனக்குத் தெரியும், ஒரு வீட்டில் தேத்தண்ணீர் குடித்தவர் அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால் அந்த வீட்டுக்காரி அடுத்த திருவிழா வரைக்கும் சொல்லிக்காட்டுவாள். அதனால்தான் நம் கணக்குப்பிள்ளை கூட ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்துவிடுவார். இந்தச் சாருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொடுத்ததை மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று வீட்டுக்கு வீடு அடிமட்டம் வரை குடித்திருக்கிறார். நம் வீடு லயத்தின் கடைசி வீடு. தூறல் வேறு. அவர் குனிந்து உள்ளே வரும்போதே நடையில் ஒரு அவசரத்தைப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் வந்தவருக்கு இல்லை என்று சொல்லலாமா, இருப்பதிலேயே பெரிய கோப்பையாகப் பார்த்துக் கொடுத்தேன். அப்பா என்னை முறைத்தார், நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பாதி குடித்தார், காலை மாற்றிப் போட்டார், கடதாசியை விரித்தார், பிறகு மெல்ல, அம்மா, இஞ்சை மலசலகூடம் எங்கை இருக்குது என்று கேட்டார். பக்கத்திலதான் சார், ஆனா பூட்டியிருக்கு, இடைவேளை எத்தனை மணிக்குங்க சார் என்று கேட்டேன். செல்லசாமி அண்ணனின் ஆடு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது என்று பூட்டுப் போட்டதும் சாவி நம் வீட்டு ஆணியில் தொங்குவதும் உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதே. வாசலில் நின்ற பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் விடவில்லை. கையெழுத்து போடுறேன் சார், அதுக்கு முன்னால, பூட்டி வைக்கிறதால வர்ற நோய்க்குப் பள்ளிக்கூடம்தான் பொறுப்புன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க என்றேன். அப்பிடி எழுதித் தர ஏலாது அம்மா, பேந்து எங்களுக்கெல்லே பிரச்சினை வரும் என்றார். அப்ப பிரச்சினை வரும்னு தெரிஞ்சுதானே சார் பூட்டியிருக்கீங்க என்று கேட்டேன். மனுசன் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்த்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அதற்குள் திரைக்குப் பின்னால் படுத்திருந்த உன் தங்கச்சி எழும்பி வந்து ஆணியிலிருந்த சாவியை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். போயிட்டு வாங்க சார், அடக்கினா ரொம்ப வலிக்கும் என்றாள். அதோடு வாசலில் சிரிப்பு நின்றுவிட்டது. சார் போய் வந்து உள்ளே வராமல் தூறலிலேயே நின்றார். எத்தினை நாளாப் பிள்ளை அடக்கிக்கொண்டு இருந்தனீர் என்று கேட்டார். தெனமும்தான் சார் என்றாள். கடதாசிகளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, இன்றைக்கு மற்ற வீடுகளில் போட்ட கையெழுத்துகளையும் சேர்த்துக் கிழித்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை பூட்டு இல்லை. பிள்ளைக்கு வந்த நோய்க்குத் தான் போட்ட பூட்டுத்தான் காரணம், பொறுப்புப் பாடசாலையுடையது என்று வலயக் கல்விப் பணிமனைக்கு அவரே எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதற்காக அவரை வேறு எங்கேயாவது தூக்கி அடித்துவிடுவார்களோ என்று இப்போது நம் லயத்துப் பொம்பளைகளுக்குத்தான் கவலை. தங்கச்சி புதன்கிழமை சீருடை போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் அவள் பையைத் திறந்து பார்த்தேன், போத்தல் காலி. அடுப்படியில் போய் நின்று கொஞ்சம் அழுதேன், அதை அப்பாவிடம் சொல்லாதே.

இப்போது உன் விஷயம். வேன் ஓட்டும்போது நிறுத்தினால் சுப்பவைசர் ஏசுகிறான், அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன் என்று போன மாதம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை, இப்போது நினைத்தால் தூக்கம் வரவில்லை. அவன் என்ன சொன்னாலும் வண்டியை ஓரமாக நிறுத்து மகனே. அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்க அம்மா அங்கே இல்லை.

அம்மன் துணையிருப்பாள், நோய் நொடி அண்டாமல் நல்லா இரு. றம்ஸானிடம் போத்தல் ஒன்றும் கொடுத்திருக்கிறேன், தங்கச்சி உன் பெயரை எழுதியிருக்கிறாள். ராத்திரியில் அது காலியாக இருப்பதைப் படம் எடுத்து அனுப்பு.

உன் அன்பு அம்மா,
வீ. பூமலர்